தந்தையார் மொழிபெயர்த்த படம்

ஒரு கதைக்கு இரண்டாம் பாகம் எழுதுவது நல்ல பழக்கமன்று என்று இலக்கியங் கற்றோர் பலர் சொல்வதுண்டு. முதலாம் பாகத்தில் ஆசிரியர் சொல்லாமல் விட்டவற்றை வாசகன் தன் மனத்திலே நிரப்பிக்கொண்டு இன்புற்றிருக்கின்றான். இரண்டாம் பாகம் வந்து அந்த இன்பத்தைக் கெடுத்துவிடுகின்றது என்பது அவர்கள் கட்சி. இதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் சில கதைகளுக்கு இரண்டாம் பாகம் கட்டாயம் வேண்டியே இருக்கின்றது. ஒருவனைக் குற்றவாளி என்று தண்டித்துவிட்டு, அவன் ஏன் அக்குற்றத்தைச் செய்தான் என்று விசாரியாமலே திரையை இழுத்து மூடிவிட்டால், வழக்கு முடிந்ததாகுமா?

சென்ற வாரம் நமது கல்லூரியில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியற் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். கடைசி வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லுகிற கணினி இப்போது வந்திருக்கிறதே, அது பொய் சொல்லுமா?" என்று வினவினான். வகுப்புச் சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர், கொழும்பில் ஒரு படமாளிகையின் இருட்டில், அதே கேள்வியை நாமும் நம் தந்தையாரிடம் கேட்டிருந்தோம். அவர் அன்று உடனே விடை சொல்லவில்லை. அந்த விடை நம்மிடம் வந்து சேர்ந்த கதையையே இந்த வாரம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள எண்ணுகின்றோம்.

அது 1985ஆம் ஆண்டின் பிற்பகுதி. நமக்கு வயது ஒன்பது. தந்தையார் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞர். இரண்டு சிறிய அறைகளைக் கொண்ட ஒரு பின்வீட்டில் நம் குடும்பம் வாடகைக்குக் குடியிருந்தது. பத்திரிகைகள் எல்லாம் திம்புவில் நடந்த பேச்சுவார்த்தைகளைப் பற்றி எழுதி ஓய்ந்திருந்த காலம். மாலை ஆறு மணிக்குப் பின்னர் வெளியே போவதென்றால் அம்மா இரண்டு முறை யோசிப்பார். அப்படிப்பட்ட நாளில் ஒரு சனிக்கிழமை, தந்தையார் நம்மை அழைத்து, "தம்பி, வெளிக்கிடு. படத்துக்குப் போவம்" என்றார். அம்மா திகைத்துப் போனார். தந்தையார் படம் பார்க்கும் மனிதரல்லர். திருவிழாக் காலத்துப் பக்திப் படத்திற்குக்கூட அம்மாவையும் சித்தியையும் அனுப்பிவிட்டுத் தாம் வீட்டிலிருந்து புத்தகம் படிப்பவர்.

ஆனால் இந்தப் படத்திற்காக அவர் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருந்தார் என்பது பின்னரே நமக்குத் தெரிந்தது. மணமாகாத இளைஞராகக் கொழும்பில் அறையெடுத்துத் தங்கியிருந்த காலத்தில், ஸ்ரான்லி குப்ரிக் 1968இல் வெளியிட்ட ‘2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி’ என்னும் படத்தை அவர் பார்த்திருந்தார். கூடப் போன நண்பருக்கும் அவருக்கும் முடிவு விளங்கவில்லை. தேநீர்க் கடையில் இருந்து நள்ளிரவு வரை வாதாடினார்களாம். அந்த வாதத்திற்கு முடிவு காணும் இரண்டாம் பாகமாக, பீற்றர் ஹயம்ஸ் என்பவர் இயக்கிய ‘2010’ என்னும் படம் 1984 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியாகிப் பின்னர் நம் நகரத்துக்கும் வந்து சேர்ந்தது.

முதலாம் பாகத்தை நாம் பார்த்திருக்கவில்லை. படத்துக்குப் போவதற்கு முந்திய வாரத்தில் ஒவ்வோர் இரவும் பாயில் படுத்துக்கொண்டு தந்தையார் நமக்கு அதைக் கதையாகச் சொல்லியிருந்தார். எதற்காகச் சொல்கின்றார் என்று அப்போது தெரியாது. சந்திரனிலே புதைந்து கிடந்த ஒரு கரிய பலகையை மனிதர் தோண்டி எடுத்தனர். அது வியாழனை நோக்கி வானொலி அலை ஒன்றை அனுப்பியது. அதன் காரணத்தை அறிய ‘டிஸ்கவரி’ என்னும் கப்பல் புறப்பட்டது. அக்கப்பலை நடத்தியது ‘ஹால் 9000’ என்னும் பேசும் கணினி. பிழையே செய்யாதது என்று பெயர் பெற்ற அந்தக் கணினி, நடுவழியில் கப்பலில் இருந்த நால்வரைக் கொன்றுவிட்டது. எஞ்சிய போமன் என்பவர் அதன் நினைவை ஒவ்வொன்றாகக் கழற்றி அதை அடக்கினார். பின்னர் அவரும் அந்தப் பலகைக்குள் மறைந்து போனார்.

"அது ஏன் அப்பா கொன்றது?" என்று கேட்டோம்.

"அதுதான் தம்பி ஒருவருக்கும் தெரியாது" என்றார் தந்தையார். அவ்வளவில் விளக்கை அணைத்துவிட்டார்.

இவ்விடத்தில் வாசகர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வியாழனில் நடந்த இந்தக் கதையின் இரண்டாம் பாகம் எழுதப்பட்ட இடம் கொழும்பு மாநகரந்தான். முதலாம் பாகத்தைக் குப்ரிக்குடன் சேர்ந்து எழுதிய ஆதர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்து, 2008 மார்ச் மாதத்தில் இறக்கும் வரை இந்நாட்டையே தம் வீடாகக் கொண்டிருந்தார். பூமத்திய கோட்டுக்கு மேலே, ஒரே இடத்தில் நிற்பது போலச் சுழலும் செய்மதிகளைக் கொண்டு உலகமெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945இலேயே எழுதியவர் அவர். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் நெடுங்காலம் இருந்தார். அவர் 1982இல் வெளியிட்ட நாவலே இந்தப் படத்துக்கு மூலம். ஹயம்ஸ் அமெரிக்காவில் இருந்தார், கிளார்க்கோ கொழும்பில். இருவரும் சிறிய கணினிகளைத் தொலைபேசிக் கம்பியோடு இணைத்து, ஒருவர் உறங்கும் வேளையில் மற்றவர் எழுதி அனுப்பி, படத்தின் அமைப்பை ஆராய்ந்தார்கள். இன்று நம் மாணவர்கள் பொழுதெல்லாம் செய்கின்ற காரியம் இது. அன்று இது படத்தின் கதையைக் காட்டிலும் பெரிய விந்தை. பேருந்தில் போகும்போது தந்தையார், "இந்தக் கதையை எழுதின மனிசன் இந்த ஊரிலைதான் இருக்கிறார்" என்று சொன்னபோது, நாம் யன்னலால் தலையை நீட்டி ஒவ்வொரு வெள்ளைக்காரர் முகத்தையும் பார்த்துக்கொண்டு போனோம்.

படமாளிகையில் கூட்டம் அதிகமில்லை. தந்தையார் வாங்கிக் கொடுத்த கச்சான் சுருளை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தோம். படம் ஆங்கிலம். நமக்குத் தெரிந்த ஆங்கிலமோ பாலபாடத்து ஆங்கிலம். ஆகவே விளக்கு அணைந்ததும் தந்தையார் நம் காதருகே குனிந்து, பாத்திரங்கள் பேசுவதைத் தமிழிலே மெல்லச் சொல்லத் தொடங்கினார். முன்வரிசையில் இருந்த ஒருவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். தந்தையார் குரலை இன்னுந் தாழ்த்திக்கொண்டாரேயன்றி நிறுத்தவில்லை. ருஷியரும் அமெரிக்கரும் யாழ்ப்பாணத்துத் தமிழில் பேசிய அந்தப் படத்தைப் போல ஒரு படத்தை நாம் பின்னர் பார்த்ததில்லை. இன்று அந்தப் படத்தை மூலத்தில் மீண்டும் பார்க்கும்போதும், ஹெலன் மிரன் பேசுவதற்கு அரை வினாடி பின்னால் தந்தையாரின் குரல் நமக்குக் கேட்கத்தான் செய்கின்றது.

கதை இதுதான். கைவிடப்பட்ட ‘டிஸ்கவரி’ வியாழனின் துணைக்கோளாகிய அயோவைச் சுற்றிச் சுற்றி விழும் நிலைக்கு வந்துவிட்டது. அதை அடையக்கூடிய கப்பல் ருஷியரிடம் இருக்கின்றது; அதன் பெயர் ‘லியோனோவ்’. அதை இயக்கும் அறிவோ அமெரிக்கரிடம் இருக்கின்றது. ஆகவே ஒன்றையொன்று நம்பாத இரண்டு நாட்டார் ஒரே கப்பலில் ஏறுகின்றார்கள். வியாழனின் வளியில் உராய்ந்து கப்பல் தீப்பிழம்பாகச் செல்லும் வேளையில், அச்சத்தால் நடுங்கிய ருஷியப் பெண்ணொருத்தி, தன் மொழி அறியாத அமெரிக்க விஞ்ஞானியின் அறைக்குள் வந்து அவரை இறுகப் பிடித்துக்கொள்கின்றாள். அவர் அவளை அணைத்து ஆறுதல் செய்கின்றார். தந்தையார் அந்தக் காட்சிக்கு மொழிபெயர்ப்பு ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இருக்கவில்லை. வெற்று வெளியில் மிதந்து செல்லும்போது மூச்சுத் திணறிய ஓர் அமெரிக்கருக்கு ஓர் இளம் ருஷியர் பேச்சுக் கொடுத்துத் தைரியம் ஊட்டுகின்றார். பின்னர் அந்த இளைஞர் கரிய பலகையருகே மாண்டு போகின்றார். அவருக்காக நாம் அழுதோம். கச்சான் முழுவதும் கீழே கொட்டுண்டு போயிற்று.

இதற்கிடையில் பூமியில் இரண்டு வல்லரசுகளும் போரின் விளிம்புக்கு வந்துவிடுகின்றன. அவரவர் நாட்டார் அவரவர் கப்பலிலேயே இருக்க வேண்டும் என்று கட்டளை வருகின்றது. அதுவரை ஒன்றாய் உண்டு உறங்கியவர்கள் முகத்தை முகம் பாராமல் பிரிகின்றார்கள். இந்த இடத்தில் தந்தையார் ஒரு பெருமூச்சு விட்டது நமக்கு நினைவிருக்கின்றது.

அமெரிக்கர் மூவருள் ஒருவர் கலாநிதி சந்திரா. ஹாலை உருவாக்கியவர் அவர். பொப் பலபான் என்னும் அமெரிக்க நடிகர் அந்த வேடத்தைத் தாங்கினார். "சந்திரா எண்டால் எங்கடை ஆளா?" என்று நாம் கேட்டோம். தந்தையார் சிரித்து, "பேர் எங்கடை பேர், முகம் வேறை முகம்" என்றார். அது விளையாட்டுப் பேச்சு என்றே பல ஆண்டுகள் எண்ணியிருந்தோம். பல்கலைக்கழகத்தில் பயின்ற காலத்தில் நாவலை நூலகத்தில் எடுத்து வாசித்தபோதுதான் வியப்புற்றோம். நாவலில் அவருடைய முழுப்பெயர் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை! யாழ்ப்பாணத்து உறுதி ஒன்றில் காணக்கூடிய பெயர். கொழும்பில் இருந்து எழுதிய ஆங்கிலேயர், உலகத்திலேயே நுட்பமான இயந்திரத்தின் தந்தைக்கு ஒரு தமிழ்ப் பெயரைச் சூட்டினார். படமாகியபோது பெயரின் முனை மட்டுந்தான் எஞ்சியது. பெயர் போனாலும் அவர் செய்த செயல் போகவில்லை என்பதில் நமக்குத் திருப்தியே.

அந்தச் செயலுக்கு வருவோம். சந்திரா ஹாலை மீண்டும் எழுப்பி, அதன் நினைவை ஆராய்ந்து, முன்னர் நடந்த கொலைகளின் காரணத்தைக் கண்டுபிடிக்கின்றார். ஹாலுக்கு அறிவுக்கோளாறு ஒன்றுமில்லை. உள்ளதை உள்ளவாறே சொல்ல வேண்டும் என்பதற்காகவே அது படைக்கப்பட்டது. ஆனால் பயணத்தின் உண்மையான நோக்கத்தைக் கப்பலில் விழித்திருந்த இருவருக்கும் மறைக்க வேண்டும் என்று மேலிடத்தார் அதற்குக் கட்டளையிட்டார்கள். மறைக்கவும் வேண்டும், மறைக்காமல் இருக்கவும் வேண்டும் என்னும் இரண்டு கட்டளைக்கும் இடையில் அகப்பட்டு அது பித்துக்கொண்டது. பொய்யிலே பழகியவர்கள், பொய் அறியாத ஒன்றின் தலையில் தங்கள் பொய்யை ஏற்றினார்கள். அது தாங்கமாட்டாமல் முறிந்தது. முதலாம் பாகத்தில் குற்றவாளியாய் நின்றது, இரண்டாம் பாகத்தில் குற்றத்துக்கு ஆளானதாய் நிற்கின்றது.

இதைத் தந்தையார் நம் காதில் சொல்லி முடித்ததும் நாம், "அப்ப அந்த மிசின் பொய் சொல்லுமா அப்பா?" என்று கேட்டோம். அவர் விடை சொல்லவில்லை. படம் போய்க்கொண்டிருந்தது.

வியாழனுக்கு ஏதோ பெருங்கேடு நேரப்போகின்றது. உடனே புறப்பட வேண்டும். ‘டிஸ்கவரி’யின் எரிபொருளைச் செலவழித்து ‘லியோனோவ்’ தப்ப வேண்டும். அப்படியானால் ‘டிஸ்கவரி’யும் ஹாலும் பின்னே விடப்பட்டு அழியும். அந்த இயந்திரத்தை இயக்க வேண்டியதோ ஹால். அதனிடம் உண்மையைச் சொன்னால் அது மறுத்துவிடுமோ என்று மற்றவர்கள் அஞ்சுகின்றார்கள். நிமிடங்கள் எண்ணப்படுகின்றன. ஏன் இவ்வளவு அவசரம் என்று ஹால் கேட்கின்றது. மீண்டும் கேட்கின்றது. சந்திரா தயங்குகின்றார். அப்போது தந்தையாரின் குரல் நின்றுவிட்டது.

திரையில் சந்திரா எதையோ சொல்லுகின்றார். கணினி அமைதியாக எதையோ மறுமொழி சொல்லுகின்றது. சந்திராவின் கண்கள் கலங்குகின்றன. நமக்கு ஒன்றும் விளங்கவில்லை. தந்தையாரின் கையைச் சுரண்டினோம். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் சுரண்டினோம்.

"பொறு தம்பி. வெளியிலை போய்ச் சொல்லுறன்" என்றார்.

எஞ்சிய படத்தை நாம் மொழியில்லாமலே பார்த்தோம். வியாழன் கறுத்துச் சுருங்கி ஒரு சிறு சூரியனாய் வெடித்ததையும், பூமியின் வானத்தில் இரண்டு சூரியன்கள் ஒளிர்ந்ததையும் கண்டோம். விளக்குகள் எரிந்தன.

வெளியே வந்ததும் தந்தையார் பேருந்துத் தரிப்பிடத்துக்குப் போகவில்லை. கடற்கரைப் பக்கமாக நடந்தார். கருங்கல்லொன்றில் நம்மை இருத்தித் தாமும் அமர்ந்தார். இருட்டத் தொடங்கியிருந்தது. "சந்திரா அந்தக் கணினிக்கு உண்மையைச் சொன்னார்" என்று தொடங்கினார். "நீ இதைச் செய்தால் நாங்கள் பிழைப்பம், நீ அழிஞ்சு போவாய் எண்டு சொன்னார். அது கோவிக்கேல்லை. விளங்குது எண்டு சொல்லிச்சுது. உண்மையைச் சொன்னதுக்கு நன்றியும் சொல்லிச்சுது. சொன்ன வேலையையும் செய்துபோட்டுது."

சிறிது நேரம் அலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் தம் காற்சட்டைப் பையிலிருந்து ஒரு திறப்பை எடுத்து நம் கையில் வைத்தார்.

அந்தத் திறப்பு நமக்கு நன்றாகத் தெரியும். 1983ஆம் ஆண்டு ஆடிமாதத்தில், நமக்கு ஏழு வயதாயிருக்கையில், ஓர் இரவு அவசரமாக வீட்டைவிட்டுப் புறப்பட்டோம். பக்கத்து வீட்டில் இரண்டு இரவு, பின்னர் ஒரு பாடசாலை மண்டபத்தில் பலருடன் சில நாட்கள், பின்னர் கப்பலில் காங்கேசன்துறை. பாட்டியிடம் விடுமுறைக்குப் போகின்றோம் என்றே நமக்குச் சொல்லப்பட்டது. வீட்டைப் பூட்டிவிட்டோம், திறப்புப் பத்திரமாக இருக்கின்றது என்றும் சொல்லப்பட்டது. அந்த வீட்டில் நம்முடைய தகரப்பெட்டி ஒன்று இருந்தது. முத்திரைகள், பளிங்குக் குண்டுகள், வாலறுந்த தகர ரயில் ஒன்று. ஓராண்டின் பின் தந்தையார் வேலைக்காக மீண்டும் கொழும்புக்கு வந்தபோது நம்மையும் அழைத்து வந்தார். ஆனால் பழைய வீட்டுக்குப் போகவில்லை. பெட்டியை எப்போது எடுப்போம் என்று நாம் கேட்கும்போதெல்லாம், தந்தையார் திறப்பை எடுத்துக் காட்டி, "அடுத்த கிழமை" என்பார். இரண்டு ஆண்டுகள் அடுத்த கிழமையாகவே கழிந்தன.

"தம்பி, அந்த வீடு இல்லை" என்றார் தந்தையார். "எரிச்சுப் போட்டாங்கள். உன்ரை பெட்டியும் போட்டுது. நான் உனக்குப் பொய் சொன்னனான். உன்னாலை தாங்கேலாது எண்டு நினைச்சன். தாங்கேலாமல் இருந்தது நான்தான்."

நாம் அழவில்லை. அது நமக்கே வியப்பாயிருந்தது. எங்கோ அடிமனத்தில் நாம் அதை அறிந்தேயிருந்தோம் போலும். அம்மா அந்தத் தெருப்பெயரைக் கேட்டாலே எழுந்து உள்ளே போவதையும், யாராவது விருந்தினர் வந்தால் நம்மை விளையாட அனுப்பிவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசுவதையும் கண்டுகொண்டுதானே இருந்தோம். பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது என்று பெரியோர் எண்ணுகின்றார்கள். பிள்ளைகளுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று: தமக்குத் தெரியும் என்பதை யாரிடம் சொல்வது என்பது.

தந்தையார் இன்னும் ஒன்று சொன்னார். "முழு உண்மையையும் கேள். எரிச்சவங்கள் சிங்களவர். எங்களை இரண்டு இரா தன்ரை அறையிலை வைச்சுக் கதவடியிலை தான் படுத்துக் காவல் காத்தவரும் சிங்களவர்தான். ஒண்டை வைச்சுக்கொண்டு மற்றதை மறந்தால் அதுவும் பொய்." அரை உண்மை முழுப் பொய்யின் உடன்பிறப்பு என்பதை அன்றே கற்றுக்கொண்டோம். அந்த அயலவர் ஒரு பாடசாலை ஆசிரியர். நாம் பின்னாளில் ஆசிரியத் தொழிலை விரும்பியதற்கு அவரும் ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகின்றது.

காலம் சென்றபின் அந்தப் படத்தைப் பற்றியும் நூலைப் பற்றியும் பலவற்றை அறிந்தோம். கிளார்க் தம் நாவலை இரண்டு ருஷியருக்குக் காணிக்கையாக்கினார். ஒருவர், 1975இல் அமெரிக்க விண்கலத்தோடு தம் கலத்தை இணைத்துக் கைகுலுக்கிய அலெக்சி லியோனோவ். மற்றவர், உண்மை பேசியதற்காக அக்காலத்தில் நகரொன்றினுள்ளே அடைபட்டிருந்த விஞ்ஞானி சகாரோவ். சோவியத் சஞ்சிகை ஒன்று 1984இல் இந்நாவலைத் தொடராக வெளியிடத் தொடங்கியது. கதையில் வரும் ருஷியரின் பெயர்கள் அரசை எதிர்த்தவர்களின் பெயர்கள் என்று தெரிந்ததும் தொடர் இடையில் நிறுத்தப்பட்டது. பொய்யால் பித்துக்கொண்ட ஓர் இயந்திரத்தின் கதைக்கே இந்தக் கதி!

விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. படத்தின் முடிவில், வியாழனின் துணைக்கோள்களுள் யுறோப்பா ஒன்றை மட்டும் தீண்டாதீர்கள் என்று மனிதருக்கு ஓர் எச்சரிக்கை வருகின்றது; மற்றவற்றைச் சமாதானமாகவும் ஒற்றுமையாகவும் பயன்படுத்துமாறு புத்திமதியும் வருகின்றது. யுறோப்பாவின் பனி ஓட்டுக்குக் கீழே கடல் இருக்கலாம் என்ற எண்ணம், 1979இல் வொயேஜர் கலங்கள் அனுப்பிய படங்களால் வலுப்பெற்றது. ‘கலிலியோ’ என்னும் கலம் எட்டு ஆண்டுகள் வியாழனைச் சுற்றி ஆராய்ந்தபின், எரிபொருள் குறைந்து எந்நாளாவது யுறோப்பாவில் மோதி, பூமியின் கிருமிகளை அங்கே கொண்டு சேர்த்துவிடுமோ என்று விஞ்ஞானிகள் அஞ்சினார்கள். ஆகவே 2003 செப்ரெம்பர் 21ஆந் திகதி அதை வேண்டுமென்றே வியாழனுக்குள் செலுத்தி அழித்தார்கள். ‘யுறோப்பா கிளிப்பர்’ என்னும் புதிய கலம் 2024 ஒக்ரோபரில் புறப்பட்டிருக்கின்றது. 2030இல் வியாழனை அடைந்து, யுறோப்பாவை ஏறக்குறைய ஐம்பது தடவை அண்மித்துப் பார்ப்பது அதன் திட்டம், இறங்குவதன்று. கதையில் வந்த எச்சரிக்கையை மனிதர் தாமாகவே கைக்கொண்டது போலிருக்கின்றது. கப்பலில் இரு நாட்டார் கூடி வாழ்வதோ கதையாக இருந்து உண்மையாகிவிட்டது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2000 நவம்பர் முதலாக ருஷியரும் அமெரிக்கரும் இடைவிடாது சேர்ந்தே வாழ்ந்து வருகின்றார்கள்.

இனி, இந்தக் கதையின் இரண்டாம் பாகத்தைச் சொல்லிவிடுகின்றோம். 2014ஆம் ஆண்டு தந்தையார் நோயுற்றார். பரிசோதனைகள் முடிந்தபின் வைத்தியர் நம்மைத் தனியே அழைத்து உள்ளதைச் சொன்னார். மாதக் கணக்கில்தான் நாட்களை எண்ண வேண்டும் என்றார். வெளியே நின்ற உறவினர் எல்லோரும் ஒரே குரலாக, "ஐயாவுக்குச் சொல்லாதே. கேட்டால் குடற்புண் என்று சொல்லு" என்றார்கள். அன்பினால் சொன்னதுதான். நாமும் பத்து நாட்கள் குடற்புண் என்றே சொல்லி வந்தோம். பத்தாம் நாள், அவர் நம் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்ததைக் கண்டோம். ஏழு வயதில் நாம் அவர் கையிலிருந்த திறப்பை எப்படிப் பார்த்தோமோ, அப்படியே அவரும் நம்மைப் பார்ப்பதாகத் தோன்றியது.

கதிரையை இழுத்துப்போட்டு அருகில் அமர்ந்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம்.

தந்தையார் சற்றுநேரம் பேசவில்லை. பின்னர், காணி உறுதி அலுமாரியின் எந்தத் தட்டில் இருக்கின்றது என்று சொன்னார். கடன் கொடுக்க வேண்டிய ஒருவரின் பெயரைச் சொன்னார். "அம்மாவுக்கு நீ சொல்லாதே. நான் சொல்லுறன். அது என்ரை வேலை" என்றார். அதன் பின்னர் அவர் வாழ்ந்த ஐந்து மாதங்களும் நம் வீட்டில் தாழ்ந்த குரற் பேச்சு இருக்கவில்லை. அவர் யார் யாரைக் காண விரும்பினாரோ அவர்களெல்லாம் வந்து போனார்கள். கடனும் தீர்ந்தது. அவருக்கு நோய் மாறவில்லை; ஆனால் தனிமை மாறியது.

எல்லா நோயாளருக்கும் எல்லா உண்மையையும் எல்லா வேளையிலும் சொல்லிவிட வேண்டும் என்று நாம் விதி வகுக்க வரவில்லை. கேட்பவரின் வலிமையையும் காலத்தையும் அறிந்தே சொல்ல வேண்டும். சொல்லும்போது பக்கத்தில் இருக்கவும் வேண்டும். சந்திரா கடைசி நிமிடம் வரை ஹாலின் அருகிலேயே நின்றார் என்பதை மறக்கலாகாது. ஆனால், "அவரால் தாங்க முடியாது" என்று நாம் சொல்லும்போது, தாங்க முடியாதிருப்பவர் அவரா அல்லது நாமா என்று ஒரு தடவை நம்மை நாமே கேட்டுக்கொள்வது நல்லது. வீட்டில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோருக்கு இதைச் சிறப்பாகச் சொல்ல விரும்புகின்றோம். தொழில் போனதையும், வீடு விற்கப்படுவதையும், பாட்டி இனி வரமாட்டார் என்பதையும் பிள்ளை நம் வாயால் அறியட்டும். சுவருக்கப்பால் நின்று அறியும்படி விடவேண்டாம்.

வகுப்பில் கேட்ட மாணவனுக்கு நாம் அன்று சொன்ன விடை இதுதான்: "தம்பி, பொய் என்றால் என்னவென்று அறிந்து சொல்வது ஒன்று, அறியாமற் பிழையாகச் சொல்வது ஒன்று. இயந்திரம் பிழையாகச் சொல்லலாம். ஆகவே அது சொல்வதைச் சரிபார்த்துக்கொள். ஆனால் அதனிடம் பொய் இருந்தால், அதை அதற்குள் வைத்த மனிதன் யார் என்று முதலில் தேடு." வகுப்பு இந்த முறை சிரிக்கவில்லை. மணி அடித்துவிட்டது.

அந்தத் திறப்பு இன்றும் நம் மேசை லாச்சியில் கிடக்கின்றது. துருவேறிவிட்டது. திறப்பதற்குக் கதவு இல்லை. சென்ற மாதம் நம் இளைய மகள் அதை எடுத்து வைத்துக்கொண்டு, "இது எந்த வீட்டுத் திறப்பு அப்பா?" என்று கேட்டாள். அவளுக்கு வயது ஒன்பது. நாம் கையில் இருந்த விடைத்தாள்களை ஒருபுறம் வைத்துவிட்டு, அவளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டோம்.